கிளிக்கு ஏற்ற விதை

கேள்வி: எங்கள் காக்கட்டீல் கிளி சூரியகாந்தி விதையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அதையே கொடுத்து வரலாமா?

பதில்: கூடாது. அவ்விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாயிருப்பதாலும், சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ-யும் அதில் சொற்பமாதலாலும், அதையே தின்று கூண்டில் அடைபட்டிருக்கும் பட்சி நாளடைவில் ஈரல் வியாதிக்கு இரையாகக்கூடும். ஆகையால் அதைத் தினம் நாலைந்து மணியாகச் சிறுகச் சிறுகக் குறைத்து, ஆஸ்திரேலியாவில் அதன் இனம் இயற்கையாக உண்ணும் புல்விதைகளை ஒத்த தினை, சாமை, பனிவரகு ஆகியவற்றை உமியுடனேயே பழக்குங்கள். தினைக்கதிரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால், மணிமணியாக உமி உரித்து அது உண்ணும் நேர்த்தியே தனி!

வாங்கிய விதையில் ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்துவைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை முளைவிட்டால்தான் அது புதிய சரக்கு. பூஞ்சை வாடையடிக்கும் நிலக்கடலையோ நஞ்சேயாகும். கீரையும் துருவிய காரட்டும் நித்தியம் வேண்டும்.