செவிலியர்களுக்கு எச்.ஐ.வி. பாடம்: கைப்பேசி வழியே

இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவரின் விரலில், எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்திவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வருவது பயம்தான். ஆனால் அப்படிக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3. காயத்தைப் பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ள வார்டை விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பயிற்சிக்குப் போக முடியாது. இணையவழிப் பாடம் இங்கேதான் உதவுகிறது. பணி முடிந்து பேருந்தில் போகும்போதே பார்க்கலாம். "நோயாளி சாப்பிட்ட தட்டைத் தொட்டால் வருமா?" என்று மேலதிகாரியிடம் கேட்கக் கூசுபவருக்கும் பதில் கிடைக்கும். வராது.

இதில் நோயாளிக்குக் கிடைக்கும் நன்மையையே நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். பயந்த செவிலியர் தள்ளி நிற்பார், இரண்டு கையுறை போடுவார். அதைப் பார்த்தே பக்கத்துக் கட்டிலுக்கு விஷயம் தெரிந்துவிடும். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சிகிச்சையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. பாதுகாப்பு முறை எல்லா நோயாளிக்கும் ஒன்றே என்பது புரிந்தால்தான் அந்தச் சட்டம் வார்டுக்குள் வரும்.

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல் நேரே பெட்டியில் போடும் கைப்பழக்கம் மட்டும் திரையைப் பார்த்து வராது. அதற்கு மூத்த செவிலியர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.