நடத்தை ஆய்வுகளில் தகவலின் தரம்

பெங்களூரின் காக்ஸ் டவுன் பகுதியில், நோயாளிகள் மருந்தைத் தவறாது உட்கொள்ளத் தூண்டும் அறிவுரைத் திட்டமொன்று சோதிக்கப்படுவதாகக் கொள்வோம். களப்பணியாளர் வாயிலில் நின்று, "மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என வினவுகிறார். "ஆம்" என்ற விடை உடனே கிடைக்கும். அறிவுரை கூறியவரே கேள்வியும் கேட்பாராயின், அவர் மனம் நோகலாகாது என்ற மரியாதையே பாதி விடையைத் தீர்மானித்துவிடும். அறிவுரை பெறாத பிரிவினருக்கு அந்நிர்ப்பந்தம் இல்லை. ஆகவே பிழை ஒருபக்கமாகவே சாய்கிறது. பங்கேற்போரின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் அது நீங்காது.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. வீட்டிலிருந்தே மருந்து உண்போர், மருத்துவமனையில் தங்குவோரைப் போலவே குணமடைவார்களா என்பதே வினா. மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பு உண்டு. வீட்டில் கண்காணிப்பவர் யார்? நோயாளியின் சொல்லை மட்டும் ஆய்வாளர்கள் நம்பவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். சளியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தினர். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தருகிறது என 1959-இல் வெளியான முடிவை உலகம் ஏற்றதற்கு இந்த எண்ணிக்கைகளும் ஒரு காரணம்.

மாத்திரை எண்ணுவதும் முழுச் சான்றன்று. குப்பையில் எறிந்த மாத்திரையும் உண்ட மாத்திரையாகவே கணக்கில் ஏறும்! தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. நோயாளிகள் 631 பேருக்குக் கைபேசி நினைவூட்டலால் பயனுண்டா என ஆராய்ந்து 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மாத்திரைக் கணக்குடன் இரத்தத்தில் வைரஸின் அளவையும் கண்டது. நினைவூட்டலால் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. வாய்மொழி விடையை மட்டும் நம்பியிருந்தால், தோற்றது திட்டமா, அளவுகோலா என்பதே விளங்கியிராது.

மீண்டும் காக்ஸ் டவுனுக்கு வருவோம். அங்குத் தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகியன அடுத்தடுத்த வீடுகளில் வழங்கலாம். களப்பணியாளர் வாயிலிலேயே தம் மனம்போல மொழிபெயர்த்தால், வினாத்தாள் ஒன்றாக இராது, நான்காகிவிடும். எனவே ஒவ்வொரு மொழியிலும் சொற்றொடரை முன்னரே முடிவுசெய்து, மற்றொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பி ஒப்பிட வேண்டும். "ஒழுங்காகவா?" என்பதற்கு மாறாக, "கடந்த நான்கு நாட்களில் எத்தனை வேளை தவறியது?" எனக் கேட்பது நலம். கேட்பவர், நோயாளி எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதை அறியாதவராக இருத்தல் வேண்டும்.

சில வீடுகளுக்கு மேற்பார்வையாளர் மறுமுறை செல்வதும் அவசியம். தேநீர்க்கடையில் அமர்ந்து நிரப்பிய படிவங்களில் விடுபட்ட கட்டம் ஒன்றும் இராது. அதுவே முதற் சந்தேகத்துக்கு இடம்.