சரிவில் இறங்கும் காலுக்கு மறுபடியும் பலம்: ரத்த ஓட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி, முழுமையான வழிகாட்டி

பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகிற வழியில், சரிவில் கொழுந்து வெட்டுகிறவர்களைச் சற்று நேரம் பாருங்கள். ஏறும்போது அல்ல, நிறைந்த மூட்டையோடு இறங்கும்போது பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் உடம்பையும் சுமையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசைதான். முழங்காலில் அடிபட்டோ அறுவை செய்தோ சில வாரம் படுத்துவிட்டால் முதலில் கரைவதும் அதே தசைதான். வீக்கம் வடிகிறது, வலி நிற்கிறது. “சரியாப் போச்சு” என்று மலைக்குப் போகிறார்கள். இறக்கத்தில் கால் மடங்குகிறது. வலி போவது வேறு, பலம் திரும்புவது வேறு என்பதை நம் தோட்டங்களில் யாராவது உட்கார்ந்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

தசையை மீண்டும் வளர்க்க, ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 60 முதல் 70 விழுக்காடு வரை தூக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ஆறிக்கொண்டிருக்கும் முழங்கால் அதைத் தாங்காது. உச்ச எடையில் 20 முதல் 30 விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு தசையை வேலை வாங்குகிற முறைதான் ரத்த ஓட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி. பிசியோக்கள் பி.எஃப்.ஆர். என்பார்கள்.

இது வந்த வழி

ஜப்பானியரான யோஷியாகி சாட்டோ 1966-இல் ஒரு பௌத்த நினைவுச் சடங்கில் நெடுநேரம் மண்டியிட்டு அமர்ந்திருந்தார். கெண்டைக்கால் மரத்து இறுகியது. கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு வரும் அதே இறுக்கம். ரத்த ஓட்டம் குறைந்ததுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்து, சைக்கிள் டியூபையும் கயிற்றையும் தன் கை கால்களில் கட்டிப் பார்க்கத் தொடங்கினார். அளவு மீறிக் கட்டியதில் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து மருத்துவமனையில் படுத்ததும் உண்டு. 1973-இல் பனிச்சறுக்கில் கணுக்கால் முறிந்தபோது கட்டுப்போட்ட காலிலேயே இதைச் செய்து தசை கரையாமல் காத்துக்கொண்டார். அவர் இதற்கு வைத்த பெயர் காட்சு. பிறகு அமெரிக்காவில் சான் அன்டோனியோவின் ராணுவ மறுவாழ்வு மையத்தில், போரில் கால் சிதைந்த வீரர்களுக்கு ஜானி ஓவன்ஸ் என்ற பிசியோ இதைப் பயன்படுத்தினார். அதன் பின்னர்தான் உலகெங்கும் பிசியோ அறைகளுக்குள் இது வேகமாகப் பரவியது.

சாட்டோவின் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ரத்தக்கட்டியைத்தான். டியூப், சேலைக் கிழிசல், ரப்பர் வார் எதையும் வீட்டில் கட்டிப் பார்க்காதீர்கள்.

தசைக்குள் நடப்பது

தொடையின் மேல்முனையில் கட்டும் காற்றுப் பட்டை, காலுக்கு வரும் ரத்தத்தை ஓரளவுதான் விடுகிறது. திரும்பிப் போகிற ரத்தத்தைப் பெரும்பாலும் தடுக்கிறது. தசையில் ஆக்சிஜன் குறைகிறது, கழிவு தேங்குகிறது, சிறு இழைகள் சீக்கிரம் களைக்கின்றன. பெரிய எடைக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் பெரிய இழைகளை உடம்பு வேறு வழியின்றிக் கூப்பிடுகிறது. தூக்குகிற எடையோ சிறியதுதான்.

முதல் படி: யாருக்கு ஆகாது

இந்தப் பகுதியை மட்டும் இருமுறை படியுங்கள். நாளெல்லாம் சரிவில் நின்று வேலை செய்கிறவர்களுக்குக் காலில் நரம்புச் சுருட்டு இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் முதலிலேயே காட்டிவிடுங்கள். முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்திருந்தால் இந்தப் பயிற்சி வேண்டாம். ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் வராதவர்கள், கர்ப்பிணிகள், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், புண்ணோ தொற்றோ ஆறாதவர்கள் ஆகியோருக்கும் ஆகாது. இனிப்பு நீர் உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்வு மங்கியிருந்தால், பட்டை அதிகமாக இறுகுவதே அவர்களுக்குத் தெரியாது. பிசியோ கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டாம் படி: யாரிடம் போவது

தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜ்ஜா கல்சோம் மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்து பிசியோவுக்குக் கடிதம் கேளுங்கள். பி.எஃப்.ஆர். கருவி எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். ஈப்போவுக்கு இறங்க வேண்டி வந்தாலும், கருவியும் அதில் பயிற்சி பெற்ற கையும் இருக்கும் இடத்துக்கே போங்கள். வேலையில் பட்ட அடி என்றால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) பதிந்துவிடுங்கள். மலாக்காவில் 2014 முதல் சொக்சோவின் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. பக்கத்து வீட்டு வங்காளதேசி, நேப்பாளித் தம்பிகளிடமும் இதைச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: அழுத்தத்தை அளப்பது

மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். தொடையின் மேல்முனையில் அகலமான பட்டையைச் சுற்றி, கணுக்காலின் உட்பக்கம் பசை தடவி டாப்ளர் குச்சியை வைப்பார்கள். நாடி ‘உஷ், உஷ்’ என்று கேட்கும். காற்றை ஏற்ற ஏற்ற ஒலி மெலியும், ஓரிடத்தில் நின்றுவிடும். அப்போது அழுத்தமானி காட்டும் எண்தான் உங்கள் முழு அடைப்பு அழுத்தம். 180-இல் நின்றதென்றால், காலுக்கு வழக்கமாக வைக்கும் 60 முதல் 80 விழுக்காடு என்பது 108 முதல் 144 வரை. கைக்கு 40 முதல் 50 விழுக்காடு போதும். தாங்க முடியாத புதியவர்களுக்குக் காலிலும் 40 விழுக்காட்டில் தொடங்கலாம்.

தொடையின் பருமன், பட்டையின் அகலம், அன்றைய ரத்த அழுத்தம் மூன்றையும் பொறுத்து இந்த எண் மாறும். ஆகவே அக்காவுக்கு வைத்த எண் தங்கைக்கு ஆகாது. அளக்காமல் குத்துமதிப்பாகக் காற்றேற்றுகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காம் படி: 30, 15, 15, 15

படுத்தபடி காலை நீட்டி உயர்த்துவது, நாற்காலியில் அமர்ந்து கணுக்காலில் மணற்பை கட்டி முழங்காலை நீட்டுவது, பிறகு அரைகுந்தல், படி ஏறுதல் என்று வரிசையாக வரும். அறுவை செய்த காலின் உச்ச எடையைச் சோதிக்க முடியாது. நல்ல காலை வைத்துக் கணக்கிடுவார்கள். அது 10 கிலோ தூக்கினால் இதற்கு 2 முதல் 3 கிலோ.

முதல் சுற்றில் 30 முறை. 30 வினாடி ஓய்வு, பட்டையைத் தளர்த்தாமல். பிறகு 15 முறை வீதம் மூன்று சுற்று, இடையில் அதே ஓய்வு. தூக்க இரண்டு வினாடி, இறக்க இரண்டு வினாடி. இறக்குவதில் அவசரம் வேண்டாம், மலைச்சரிவில் உதவப்போவது அதுதான். முடிந்ததும் காற்றை முழுவதும் விட்டு, சில நிமிடம் கழித்தே அடுத்த பயிற்சி. மூன்றாம் சுற்றில் தொடை எரியும், கனக்கும், தோல் சிவக்கும். அது எதிர்பார்த்ததுதான்.

ஐந்தாம் படி: நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

ஓய்வு வேளையில் பட்டை கட்டிய காலின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் சிவந்தால் ரத்தம் போகிறது. பிரிஞ்சாங் குளிரில் காலை வேளைகளில் விரல்கள் ஏற்கெனவே சில்லிட்டு வெளுத்திருக்கும். கனத்த காலுறை போட்டுச் சற்று நடந்து பாதம் சூடேறிய பிறகே தொடங்குங்கள், இல்லையென்றால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். கால் மரத்துப்போனாலோ, ஊசி குத்துவது போலிருந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, தலை சுற்றினாலோ சுற்று முடியட்டும் என்று பொறுக்காதீர்கள். உடனே காற்றை விடச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகும் கவனம் வேண்டும். சிறுநீர் தேஓ நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 999.

எத்தனை நாள், எப்போது தோட்டம்

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். சில வாரங்களில் பலம் கூடுவது தெரியும், தொடையின் சுற்றளவு அதற்குப் பின்னால் மெதுவாக வரும். முழங்கால் அனுமதித்ததும் பிசியோ பட்டையைக் குறைத்துச் சாதாரண எடைகளுக்கு மாற்றுவார். மாற்றத்தான் வேண்டும். எலும்பும் தசைநாணும் உறுதிப்பட உண்மையான பாரம் தேவை, அதைப் பட்டை தராது.

வேலைக்குத் திரும்பும் முன் பிசியோவின் கண்ணெதிரே, கைப்பிடியைத் தொடாமல், பழுதான காலை ஊன்றியபடி ஒரு படியிலிருந்து மெதுவாக இறங்கிக் காட்டுங்கள். முழங்கால் உள்ளே சாயாமல், ஆடாமல் இறங்க வேண்டும். வெறுங்கையோடு முடிந்த பிறகு சுமையோடும் செய்து காட்டுங்கள். முடியாவிட்டால் “சில வாரம் சமதள வேலை” என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி மண்டோரிடம் கொடுங்கள். தொழிற்சாலையில் கொழுந்து தரம் பிரிக்கிற வேலையோ நாற்றங்கால் வேலையோ அந்த வாரங்களுக்குப் பொருந்தும்.