நூலை எண்ணிப் பாருங்கள்!

(ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி தினச் சிறப்புப் பாடம்)



எங்க வகுப்புத் தோழி ஒருத்தியோட அத்தை, சுற்றுலா வந்த இடத்துல ஒரு கடையில "தோடர் சால்வை" என்று சொல்லி ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. வெள்ளைத் துணி, சிவப்பு கறுப்புக் கரை, பார்க்க அழகு. விலையும் ரொம்பக் குறைவு. மூணு தடவை துவைச்சதும் சிவப்பு, வெள்ளையில இறங்கிடுச்சு. அதைப் பள்ளிக்கு எடுத்துட்டு வந்து டீச்சர்கிட்ட காட்டினோம். டீச்சர் ஒரு வார்த்தையும் பேசாம சால்வையைத் திருப்பிப் போட்டாங்க. பின்பக்கம் வெறும் வெளிறிய துணி! அது ஊசியால் போட்ட வேலையே இல்லை, அச்சடித்தது.

"துணியைப் படிக்கத் தெரிஞ்சா ஏமாற மாட்டீங்க" என்றார் டீச்சர். துணியைப் படிப்பதா? ஆமாம், படிக்கலாம். அதுதான் இன்றைய பாடம்.

1. ஆகஸ்ட் 7 ஏன்?

1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் பெரிய கூட்டம் நடந்தது. வங்காளத்தை இரண்டாகப் பிரிக்க ஆங்கில அரசு முடிவு செய்ததை எதிர்த்து, அந்நியத் துணிகளை வாங்க மாட்டோம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். சுதேசி இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. அந்த நாளின் நினைவாக 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. முதல் விழா நடந்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்தான்!

2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 35 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். அதில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள்.

2. ஒரு பவுண்டு நூல் எவ்வளவு தூரம்? (கணக்குப் பிரியர்களுக்கு)

கடையில் "40-ஆம் நம்பர் நூல்", "60-ஆம் நம்பர் நூல்" என்று சொல்வார்கள். அந்த நம்பர் என்ன?

பருத்தி நூலை 840 கெஜம் நீளத்துக்குச் சுற்றினால் அது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் (சுமார் 454 கிராம்) எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுதான் நூலின் நம்பர். ஒரு பவுண்டில் 40 சிட்டம் இருந்தால் 40-ஆம் நம்பர். அதனால் நம்பர் கூடக் கூட நூல் மெலிசாகும். 20-ஆம் நம்பர் தடிப்பு; 100-ஆம் நம்பர் ரொம்ப மெல்லிசு.

இப்போ கணக்குப் போடுவோம். 840 கெஜம் என்பது சுமார் 768 மீட்டர். 40 சிட்டம் என்றால் 40 × 768 = 30,720 மீட்டர். அதாவது 30 கிலோமீட்டருக்கு மேல்!

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கி.மீ. நம்ம ஊர் அந்த வழியிலேயே கொஞ்சம் கீழே இருக்கு. அரவேணுவில் ஒரு முனையைக் கட்டிட்டு நூலை விட்டுக்கிட்டே போனால், குஞ்சப்பனை தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்துடும். அவ்வளவு நூலையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுத் தூக்கிட்டுப் போயிடலாம். ஆச்சரியமா இல்லையா?

அந்தக் காலத்தில் இவ்வளவு நூலையும் இராட்டையிலோ தக்ளியிலோ கையால் நூற்றார்கள். நீங்கள் ஒரு முழம் நூற்றுப் பாருங்கள், அதன் அருமை புரியும்.

3. துணி எப்படிப் பிறக்கிறது?

துணியில் இரண்டு வகை நூல் உண்டு. நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே போவது ஊடை. பாவு நூலைத் தறியில் இழுத்துக் கட்டுவார்கள். நெசவாளர் காலால் மிதியை அழுத்தினால் பாவு நூல்களில் பாதி மேலே போகும், பாதி கீழே இறங்கும். நடுவில் ஒரு வழி திறக்கும். அந்த வழியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். உடனே அச்சை இழுத்து அடித்தால் ஊடை நூல் நெருக்கமாக உட்காரும். அடுத்த மிதியில் மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. இப்படி ஒரு நூல் மேல், ஒரு நூல் கீழ் என்று மாறி மாறி நெய்வதுதான் சாதா நெசவு.

குழித்தறி பார்த்திருக்கீங்களா? தரையில் குழி தோண்டி, அதில் காலைத் தொங்கவிட்டு நெசவாளர் உட்காருவார். நமக்குப் பக்கத்தில் தறிச் சத்தம் கேட்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து சிறுமுகைக்குப் போக வேண்டும். பட்டுச் சேலைக்கும் கோரா காட்டன் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர் அது. பவானி ஆறு அந்தப் பக்கமாகத்தான் போகிறது. அதே ஆறு இன்னும் கீழே போய்க் காவிரியோடு சேரும் இடத்தில் பவானி என்ற ஊர் இருக்கு. நம் வீட்டுக் கல்யாணங்களில் விரிக்கும் பவானி ஜமக்காளம் அங்கே நெய்வதுதான். நம்ம மலை ஓடைத் தண்ணீரும் கடைசியில் அந்தப் பவானி ஆற்றுக்குத்தான் போகுது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றி ஒரு கேள்வி வரும்!

4. மலையில் ஊசி, கீழே தறி

நம் நீலகிரியில் தோடர்கள் துணி நெய்வதில்லை. பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படகர்கள் உடுத்தும் வெள்ளை உடையும் மலையில் நெய்தது இல்லை. வெள்ளைத் துணி எப்பவும் சமவெளியிலிருந்துதான் மேலே வந்திருக்கிறது. அப்படி வந்த துணியில்தான் தோடர் பெண்கள் ஊசி வேலை செய்கிறார்கள். அதைப் போர்த்திக்கொள்ளும்போது பூத்துக்குளி என்று பெயர். ஆண்களும் போர்த்துவார்கள், பெண்களும் போர்த்துவார்கள். இறந்தவர் உடலுக்கும் பூவேலை செய்த இந்தப் போர்வையைத்தான் சுற்றுவார்கள். அதனால் அவர்களுக்கு இது வெறும் அழகுச் சாமான் இல்லை. வாழ்க்கையோடு கூடவே வருவது.

இந்த வேலையின் விசேஷம் என்ன? துணியில் பென்சிலால் படம் வரைவதில்லை. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவதுமில்லை. நூலை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான்! இத்தனை நூலை விட்டு, இத்தனை நூலுக்கு அடியில் ஊசியை நுழைத்து, மறுபடி எண்ணி... இப்படியே போகும். எருமைக் கொம்பு, மலை, சூரியன், சந்திரன் எல்லாம் எண்ணிக்கையிலிருந்தே எழுந்து வரும். ஒரு நூல் தப்பினால் அந்த வரிசை முழுக்கக் கோணிடும். பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டியதுதான்.

தைக்கும்போது நூலைக் கொஞ்சம் தளர்த்தி, சின்னச் சின்ன வளையமாக விடுவார்கள். அதனால்தான் தடவிப் பார்த்தால் மேடு மேடாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் போர்த்தலாம். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இது தறியிலேயே நெய்ததா என்று கேட்பார்கள். ஒரு பெரிய போர்வை முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

நூலை எண்ண வேண்டுமென்றால், எண்ணும்படியான துணி வேண்டும் இல்லையா? பாவும் ஊடையும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிற தடித்த பருத்தித் துணி, சாதா நெசவில் வேண்டும். அப்படிப்பட்ட துணி கீழே நெய்யப்படவில்லை என்றால் மேலே ஊசிக்கு வேலை இல்லை. ஒரு கைத்தொழில் இன்னொரு கைத்தொழிலின் தோளில் கை போட்டு நிற்கிறது.

5. அசல் எது, போலி எது?

தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக விண்ணப்பித்தவர்கள் தோடர் நலவாழ்வுச் சங்கம், நம்ம கோத்தகிரியில் இருக்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, பூம்புகார் நிறுவனம் ஆகியோர். புவிசார் குறியீடு என்றால், இந்த ஊரில் இந்த மக்கள் இந்த முறையில் செய்வதற்கு மட்டுமே இந்தப் பெயர் சொந்தம் என்று சட்டம் சொல்வது. அச்சடித்த துணியைத் "தோடர் சால்வை" என்று விற்பது தவறு.

ஆனால் சட்டம் ஒவ்வொரு கடை வாசலிலும் வந்து நிற்குமா? நிற்காது. நம் கண்தான் நிற்க வேண்டும். எப்படிப் பார்ப்பது?

அ) முதலில் திருப்பிப் பாருங்கள். அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும். மிஷின் தையலில் பின்பக்கம் வேறொரு நூல் (பெரும்பாலும் வெள்ளை) ஓடியிருக்கும். சிலதில் தாள் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். கைவேலையில் இரண்டு பக்கமும் அதே நூல்தான்.

ஆ) தடவிப் பாருங்கள். மேடு இருக்கா, வழவழப்பா?

இ) எண்ணிப் பாருங்கள். ஊசித் தையல் துணியின் நூல்களுக்கு இடையிலேயே நேராகப் போயிருக்கணும். துணி நூலைப் பற்றிக் கவலைப்படாமல் குறுக்கே வெட்டிப் போனால் அது மிஷின்.

ஈ) விலையை யோசியுங்கள். வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை இருநூறு ரூபாய்க்கு வருமா? வராது. போலி ஒன்று விற்கும்போதெல்லாம், அசல் செய்த ஒரு அக்காவின் உழைப்புக்கு விலை குறைகிறது. "இதே சால்வை அங்கே இருநூறுக்குக் கிடைக்குதே" என்று அவரிடம் பேரம் பேசுவார்கள். தோழியின் அத்தைக்குப் போனது கொஞ்சம் பணம். அந்த அக்காவுக்குப் போவது பிழைப்பு.

6. செய்து பாருங்கள்: டீத்தூள் சாயம்

துணி பார்த்தோம், ஊசி பார்த்தோம். நிறம் எங்கிருந்து வருகிறது? இப்போது நூல் கடையிலேயே சாயம் போட்டுத்தான் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர், கறுப்புக்குக் கடுக்காயும் இரும்பும். கறுப்பு எப்படி வருகிறது என்பதை நம்ம ஊர்ச் சரக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

தேவை: வெள்ளைப் பருத்தித் துணி 2 துண்டு, டீத்தூள் 4 கரண்டி, தண்ணீர் 1 லிட்டர், துருப்பிடித்த ஆணிகள், வினிகர்.

முதல் வேலை: ஆணிகளை வினிகரில் போட்டு ஒரு வாரம் வையுங்கள். பாட்டில் மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும்.

இரண்டாவது: துணியைச் சோப்புப் போட்டு அலசி, கஞ்சியை நீக்குங்கள். டீத்தூளை 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அந்தச் சூட்டில் இரண்டு துணியையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பழுப்பு நிறம் ஏறும்.

மூன்றாவது: ஒரு துணியை மட்டும், ஆணி ஊறிய தண்ணீரில் சில சொட்டு கலந்த நீரில் முக்குங்கள். கண் முன்னாலேயே பழுப்பு சாம்பலாகி, கறுத்துப் போகும்!

காரணம்: டீயில் டானின் இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பான பொருள் உண்டாகும். கடுக்காயிலும் டானின்தான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இப்படித்தான்.

எச்சரிக்கை: பெரியவர்கள் கூட இருக்கும்போது மட்டும் செய்யவும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது.

இப்போ அந்தக் கேள்வி! மிச்சமான சாயத் தண்ணியை எங்கே ஊத்துவீங்க? ஒரு மக்கு டீத்தண்ணியால் ஒன்றும் ஆகாது. ஆனால் திருப்பூரில் நூற்றுக்கணக்கான சாயப் பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, கீழே விவசாயம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. நல்ல துணி என்றால் நூலும் நேராக இருக்க வேண்டும், ஆறும் சுத்தமாக இருக்க வேண்டும்.

7. நம் பள்ளியில்...

கைத்தறி தினத்தன்று நம் பள்ளியில் "துணி நூலகம்" தொடங்குகிறோம். உங்கள் வீட்டிலுள்ள பழைய கைத்தறித் துணியிலிருந்து கிழிந்த துண்டு ஒன்று (உள்ளங்கை அளவு போதும், நல்ல சேலையை வெட்டி அடி வாங்காதீர்கள்!) கொண்டு வாருங்கள். யாருடையது, எந்த ஊர்த் துணி, எப்போது வாங்கியது என்று பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டு ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். டீத்தூள் சாயம் போட்ட துணிகளையும் காட்சிக்கு வைக்கலாம். தக்ளி சுற்றத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள், கற்றுக்கொள்வோம்.

வீட்டுப்பாடம்

1. அட்டையில் ஒரு அங்குலச் சதுர ஓட்டை வெட்டுங்கள். உங்கள் துணி மேல் வைத்து, குண்டூசி முனையால் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.

2. 60-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டு எத்தனை கிலோமீட்டர் நீளம்?

3. வீட்டில் கரைபோட்ட துணி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். நெய்ததா, தைத்ததா, அச்சடித்ததா?

விடைகளைச் சுவர்ப் பத்திரிகைப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை எழுதியவர்கள் பெயர் அடுத்த தாளில் வரும்.

பின்குறிப்பு: அந்தச் சால்வை இப்போது எங்கள் வகுப்பில்தான் இருக்கிறது. துணி நூலகத்தின் முதல் துண்டு அதுதான். சீட்டில் "போலி. திருப்பிப் பார்க்கவும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்!

— 9-ஆம் வகுப்பு மாணவ மாணவியர்