ஆண் நாய்க்குக் காயடித்தல்: ஏன், எப்பொழுது?

தோட்டத்து வீடுகளில் காவலுக்கு நாய் வளர்ப்பது நம் மக்களிடையே நெடுநாளைய வழக்கம். ஆயினும், ஆண் நாய் பருவமடைந்ததும் வாசற்படியிலும் அரிசி மூட்டையிலும் சிறுநீர் விடுகின்றது. பெண் நாயைத் தேடி இரவெல்லாம் அலைகின்றது. பிற ஆண் நாய்களோடு சண்டையிட்டுக் காயத்துடன் திரும்புகின்றது. இதனால் அண்டை வீட்டாருடன் மனத்தாங்கல் வளர்கின்றது. அடித்துச் சலித்தவர்கள் இறுதியில் நாயைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். இதற்கு வேறு வழியே இல்லையா? உண்டு.

காரணம் என்ன?

இச்செயல்களுக்கு நாயின் பிடிவாதம் காரணமன்று. விதைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்னும் சுரப்புநீரே அவற்றைப் பெரிதும் தூண்டுகின்றது. கால்நடை மருத்துவர் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, இரு விதைகளையும் அகற்றுவதால் அத்தூண்டுதல் தணிகின்றது. காளைக்குக் காயடிப்பதைக் கண்டவர்கள் நாய்க்கும் தாமே செய்ய முனைதல் கூடாது. அது கொடுமை, உயிருக்கும் ஆபத்து.

பயன் எவ்வளவு?

1997-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 57 ஆண் நாய்களைப் பற்றிய ஆய்வொன்று வெளியானது. அலைதல், ஆங்காங்கே சிறுநீர் விடுதல், ஏறிப் புணர முயலுதல் ஆகியவை பத்தில் ஆறு நாய்களிலேனும் பாதிக்குமேல் குறைந்தன. எல்லா நாய்களும் மாறிவிடுவதில்லை என்பதும் இதனால் விளங்கும். அச்சத்தால் கடிக்கும் நாய்க்கு இது மருந்தாகாது. அதற்குப் பொறுமையான பயிற்சியே தேவை. வீட்டைக் காக்கும் குணம் பொதுவாகக் குறைவதில்லை.

கவனிக்க வேண்டியவை

1. ஏற்ற வயதை மருத்துவரிடம் கேட்டறிக. நாயின் இனத்திற்கும் உடலளவிற்கும் ஏற்ப அது மாறுபடும்.
2. சிகிச்சைக்கு முன் எப்பொழுதிலிருந்து உணவு தரக்கூடாது என்பதையும் கேட்டு, அவ்வாறே நடந்துகொள்க.
3. காயம் ஆறும்வரை, ஏறத்தாழ பத்து நாள், நாயைக் குளிப்பாட்டாதீர்; புண்ணை நக்கவும் விடாதீர்.
4. சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் ஆற்றல் எஞ்சியிருக்கலாம். அதுவரை பெண் நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.
5. பின்னர் உடல் பருக்கக்கூடும். உணவைச் சற்றுக் குறையுங்கள்.

வெறிநாய்க்கடி நோய் 2015-இல் கெடாவிலும் பெர்லிசிலும் பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் தோன்றியதை நாம் மறத்தலாகாது. அலையாத நாய்க்குக் கடிபடும் வாய்ப்பும் குறைவு. எனினும் காயடித்தல் தடுப்பூசிக்கு ஈடாகாது. கட்டணமும் பிற விவரங்களும் அறிய, அருகிலுள்ள கால்நடை சேவை இலாகா அலுவலகத்தையோ தனியார் கால்நடை மருத்துவரையோ நாடுங்கள். நாயை விரட்டுமுன் இவ்வழியை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.