பவளம் திடீரென வாடினால்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் நேற்றுவரை விரிந்திருந்த பவளம் இன்று சுருங்கிக் கிடந்தால், அகப்பட்ட மருந்தையெல்லாம் கொட்டாமல் முதலில் காரணத்தைத் தேடுங்கள்.

1. வேறொரு உஷ்ணமானியால் ஜலத்தைச் சோதியுங்கள்; 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் உசிதம், ஹீட்டரின் விளக்கை மட்டும் நம்பலாகாது.

2. உப்புநீரின் ஒப்படர்த்தியையும் (1.025) காரத்தன்மையையும் அளந்து, சென்ற வாரக் குறிப்போடு ஒப்பிடுங்கள்; அளவு சற்றே குறைந்து நிலைத்திருப்பதைக் காட்டிலும், அது சட்டென மாறுவதே பவளத்துக்குப் பெரும் ஹானி. பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் அகப்படுவான்.

3. காந்தங்களிலும் பம்பிலும் துருவைத் தேடுங்கள். கரைந்த உலோகம், விசேஷமாகச் செம்பு, விஷம்.

4. இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பவளந்தின்னும் ஜந்துக்கள் பல பகலில் ஒளிந்திருக்கும்.

5. காரணம் புலப்படாவிடில், அதே உஷ்ணமும் உப்பும் கொண்ட புதுநீரால் ஐந்தில் ஒரு பங்கை மாற்றுங்கள், விஷம் நீர்த்துப்போகும். காரத்தன்மையை மட்டும் ஒரே நாளில் உயர்த்தாதீர்கள். அவசரச் சிகிச்சையாலும் பவளம் மடியும்.