தெல்தெனியவும் விக்டோரியா நீர்த்தேக்க மீன்பிடியும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்



மீன்பிடி பற்றிய வினாவிற்கு நீர்கொழும்பு, மன்னார், திருகோணமலை எனக் கரையோர இடங்களை மட்டும் எழுதி நிறுத்திவிடுவோர் பலர். கடலே இல்லாத கண்டி மாவட்டத்திலும் வலையை நம்பி வாழும் குடும்பங்கள் உள்ளன. அதற்குத் தெல்தெனிய நல்ல உதாரணமாகும்.

1. நகரம் இருந்த இடத்தில் நீர்

1977இன் பின் துரித மகாவலி அபிவிருத்தித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் கீழ் பிரித்தானிய உதவியுடன் விக்டோரியா அணை கட்டப்பட்டது. 122 மீற்றர் உயரமான இவ்வணை இலங்கையின் மிக உயர்ந்த அணையாகும். 1985 ஏப்ரலில் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன இதனைத் திறந்து வைத்தார். இதன் மின்நிலையத்தின் கொள்ளளவு 210 மெகாவாற்று ஆகும்.

மகாவலி கங்கையும் ஹுலு கங்கையும் தேங்கியபோது பழைய தெல்தெனிய நகரும் வயல்களும் நீரில் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்ற வலயங்களுக்குச் சென்றன. மேட்டு நிலத்தில் புதிய தெல்தெனிய உருவானது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய நகரின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன.

2. நீர்த்தேக்கத்து மீன்கள்

இலங்கையின் நீர்த்தேக்கங்களில் அதிகம் பிடிபடுவது திலாப்பியா. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. மக்கள் இதனை "யப்பான் மீன்" என்றும் அழைப்பர். இது தேங்கிய நீரிலேயே பெருகும். பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயினுள் வைத்துக் காக்கும். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. ஆதலால் அவற்றின் குஞ்சுகளை நீர்த்தேக்கங்களில் இட வேண்டும்.

3. மீனவர் குடும்பம்

மாலையில் வள்ளத்தில் சென்று செவுள் வலை விரிப்பர். விடியுமுன் சென்று வலையை எடுப்பர். கரையில் மீனைப் பிரித்தல், கழுவுதல், கருவாடு போடுதல், வலையைப் பழுதுபார்த்தல் ஆகியவற்றில் குடும்பத்தினர் அனைவரும் பங்குகொள்வர். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிய வியாபாரிகள் மீனை வாங்கி ஊர் ஊராக விற்பர். கடல் மீன் பனிக்கட்டியிட்டு வெகு தூரத்திலிருந்து வரவேண்டியிருப்பதால், அன்று பிடித்த நன்னீர் மீன் மலையக வீடுகளுக்கு அருமையான புரத உணவாகும்.

நன்னீர் மீனில் சேற்று மணம் உண்டு. நீரிலுள்ள சில நுண்ணங்கிகள் உண்டாக்கும் பொருட்களே இதற்குக் காரணம். வயிற்றின் உட்புறக் கறுப்புத் தோலை நீக்கி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் இட்டுக் கழுவினால் மணம் குறையும். பின் பழப்புளி அல்லது கொறுக்காய் சேர்த்துக் குழம்பு வைப்பர். புளியிலுள்ள அமிலமும் அம்மணத்தைக் குறைக்கிறது.

4. இத்தொழில் எதிர்நோக்கும் சவால்கள்

மின் உற்பத்திக்கும் நீர்ப்பாசனத்திற்கும் நீர் திறக்கப்படுவதால் நீர்மட்டம் மாறுகிறது. அது வேகமாகக் குறைந்தால், ஆழமற்ற கரையோரத்தில் திலாப்பியா அமைத்த கூடுகள் நீரின்றிப் போகும். 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டு 1994இல் மீண்டும் வழங்கப்பட்டது. மீன்வளத்தைக் காக்க, 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணளவுள்ள வலைகள் உள்நாட்டு நீர்நிலைகளில் தடைசெய்யப்பட்டன.

மாதிரி வினா

"இன்று மீன் குறைவு, சிறுகண் வலை போட்டால் இரவுச் சோற்றுக்காவது கறி கிடைக்கும்" என்கிறார் ஒரு மீனவர். இக்கூற்றை ஆராய்க.

விடைக்குறிப்பு

அவரது தேவை உண்மையானது. அதனை முதலில் ஏற்று எழுதுக. ஆனால் சிறுகண் வலையில் இனம் பெருக்காத இளம் மீன்களும் அகப்படும். அவை ஒரு முறையேனும் இனம் பெருக்குமுன் அழிந்தால் அடுத்த பருவத்தில் எல்லா வலைகளும் வெறுமையாகும். எனவே தீர்வு, மீனவர் சங்கமாகக் கூடி வலையளவைப் பேணுதல், மீன்குஞ்சு இடுதல், வருமானம் குறைந்த காலத்திற்குச் சேமித்தல் என்பனவாகும். "சட்டம் தடுக்கிறது" என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது; காரணத்தையும் விளக்குக.